“1959 கோ-கார்ட்” என்று சொன்னால் பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள்

சிங்கப்பூரில் பழைய ரேஸிங் கோ-கார்ட் (சின்னப் பந்தய வண்டி) தேடுபவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நான் 6,800 வெள்ளி கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

அப்பா சின்ன வயதில் தாம்சன் சாலை கிராண்ட் பிரீயைப் பார்த்து வளர்ந்தவர். 1973-க்குப் பிறகு அந்தப் பந்தயம் நின்றுபோனாலும் அவர் பேச்சில் அது நிற்கவே இல்லை. அவருக்காகத்தான் இந்த வண்டியைத் தேடினேன்.

சுங்கை காடுட்டில் ஒரு பட்டறை. நம்ம ஆள்தான், தமிழில் பேசினார். “தம்பி, 1959-ல அமெரிக்காவுல செஞ்சது. எஞ்சினைப் பாருங்க, மெக்கல்லக்” என்றார். எஞ்சின் உண்மையானதுதான். மெக்கல்லக் நிறுவனம் செயின்சா எஞ்சினைக் கார்ட்டுக்கென்று மாற்றி 1959-இல் கொண்டுவந்த எம்சி-10 அது. கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காட்டினார். வண்டி பளபளவென்று சிவப்பு பெயின்டில் நின்றது. எஞ்சின் சரியாக இருந்ததால் சேஸியும், அதாவது வண்டியின் குழாய்ச் சட்டகமும், சரி என்று நம்பினேன். எஞ்சினை நான்கு போல்ட்டில் எந்த வண்டியிலும் மாட்டலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வண்டிப் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டில் வேலை செய்த பெரியப்பா வந்து பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “யாருடா இத 59-ன்னு சொன்னது?”

வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தார். சேஸிக் குழாய் 30 மி.மீ. அந்தக் கால அமெரிக்கக்காரன் அங்குலக் கணக்கில் குழாய் வாங்கியிருப்பான். ஒன்றேகால் அங்குலம் என்றால் 31.75 வரவேண்டும். பின் அச்சு 40 மி.மீ. உள்ளீடற்ற குழாய். ஆரம்பகாலக் கார்ட்டுகளில் அச்சு ஏறக்குறைய ஓர் அங்குலக் கம்பிதான். பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க், அதுவும் பிற்காலத்துச் சமாச்சாரம். பிற்கால வண்டிகளில் பக்கவாட்டில் பிளாஸ்டிக் கவசம் மாட்டும் காதுகளை அறுத்து, கிரைண்டரில் தேய்த்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். விரலால் தடவினாலே மேடு தெரிந்தது. எஞ்சினுக்கு அடியில், அதை இந்தச் சேஸியில் பொருத்துவதற்காகப் போட்ட புத்தம்புது அலுமினியத் தகடு.

சேஸியின் பின்குழாயில் ஓரிடம் லேசாகப் பள்ளமாக இருந்தது. பெயின்ட் ரிமூவர் ஊற்றித் துடைத்தோம். தேய்த்து அழித்த எழுத்துகளில் ‘சிஐகே’ மட்டும் மிச்சமிருந்தது. அது உலகக் கார்ட்டிங் ஆணையத்தின் அங்கீகார முத்திரை. அந்த ஆணையம் தொடங்கப்பட்டதே 1962-இல். 1959 வண்டியில் அது எப்படி வரும்? முதல் கோ-கார்ட்டையே 1956-இல்தான் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் செய்தார், புல்வெட்டி எஞ்சினை வைத்து. அந்தத் தலைமுறை வண்டி என்று என்னிடம் விற்றதோ சில பத்தாண்டுகள் பிந்திய சேஸி. அவர் காட்டிய படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருக்கை தட்டையான மெத்தை, என் வண்டியில் ஃபைபர் கிளாஸ் பக்கெட். வண்டியே வேறு.

அப்பாவிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் பேசாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்காரர் இப்போது, “நான் வாங்கினப்போ அப்படித்தான் சொன்னாங்க தம்பி” என்கிறார். முத்திரையை அழித்தது யார் என்று கேட்டால் பதில் இல்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுப்பார்கள்; 2 ஆண்டுகளுக்குள் போடவேண்டும். வாட்ஸ்அப்பில் “1959 ஒரிஜினல்” என்று அவர் எழுதியதை அழிக்காமல் வைத்திருந்தேன், அதுதான் இப்போது கைகொடுக்கிறது. நீங்களும் ஆண்டு, எஞ்சின், சேஸி மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி என்றால், அடிப்பதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். என்னிடம் “அதெல்லாம் எடுக்கலையே” என்றார். அப்போதே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

போன வாரம் அதே கறுப்பு வெள்ளைப் படத்தோடு இன்னொரு கார்ட் விற்பனைக்கு வந்திருக்கிறது. இம்முறை நீல நிறம், “1961” என்று போட்டிருக்கிறார்கள். யாராவது பார்க்கப் போனால் காலிப்பரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள், பின்குழாயைத் தடவிப் பாருங்கள்.