புரத இழையை அளக்க வாங்கிய இம்பிடன்ஸ் பலகை: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

தக்கலைக்கு அருகில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உயிரணுக்குள் இருக்கும் ஆக்டின் என்னும் புரத இழையின் மின்பண்புகளை அளந்து பார்க்க வேண்டும் என்று முதுநிலை மாணவர் இருவர் திட்டப்பணி எடுத்தபோது, ஏடி5933 என்னும் சிப் பொருத்திய சிறிய இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) பலகை ஒன்றை இணையக் கடையில் நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கினோம். உப்புநீரை அளக்க இது நல்ல கருவி. புரத இழையை அளக்கப் போதாது. இந்த முடிவுக்கு வர எங்களுக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

இந்தச் சிப் 1 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் மாதிரியைத் தூண்டி, திரும்பி வரும் மின்னோட்டத்தை 12 பிட் துல்லியத்தில் எண்ணாக்கி, 1 கிலோஓம் முதல் 10 மெகாஓம் வரை அளக்கிறது. பிழை 0.5 சதவீதம் என்று சிப்பின் விவரக்குறிப்பான டேட்டாஷீட் கூறுகிறது. மின்தடைகளை மட்டும் இணைத்துச் சோதித்தபோது அந்த எண்ணில் எங்களுக்குக் குறை தெரியவில்லை. கணினியோடு இணைப்பதும் எளிது.

திருவனந்தபுரத்தில் உள்ள நண்பரின் ஆய்வகத்திலிருந்து தூய ஆக்டினை, குளச்சலில் மீன் அனுப்பப் பயன்படுத்துவது போன்ற தெர்மகோல் பெட்டியில் பனிக்கட்டி நிரப்பிப் பேருந்தில் கொண்டுவந்தோம். ஆக்டின் தனித்தனி மூலக்கூறுகளாக உப்புக் குறைந்த கரைசலில் இருக்கும். 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் சிறிது மக்னீசியமும் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகும். உப்புச் சேர்த்தவுடன் தடை பலமடங்கு சரிந்து, பலகை அளக்கக்கூடிய 1 கிலோஓமுக்கும் கீழே போய்விட்டது. எனவே அகன்ற கலத்தைக் கைவிட்டு, 2 மில்லிமீட்டர் உள்விட்டமும் 3 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடிக் குழாயின் இரு முனைகளிலும் மின்வாய்களை வைத்தோம். தடை பத்துக் கிலோஓமுக்கு மேல் உயர்ந்தது. மின்வாய்ப் பரப்பில் அயனிகள் திரண்டு மின்தேக்கிபோல் நிற்கும் இரட்டை அடுக்கின் தொல்லையும் இதனால் குறைந்தது.

அடுத்த சிக்கல் பலகையை வடிவமைத்தவரின் கவனக்குறைவு என்றே சொல்வேன். இந்தச் சிப்பின் வெளியீட்டில் அலையோடு திசை மாறாத ஒரு நேர்திசை மின்னழுத்தமும் சேர்ந்து வருகிறது. மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலான மின்வழங்கலில், ஏற்கும் முனை அதன் பாதியில், அதாவது சுமார் 1.65 வோல்ட்டில் நிற்கிறது. தூண்டலைப் பெரிதாக வைத்தால் இருபுற வேறுபாடு சிறிது. புரதம் கெடக்கூடாதே என்று மிகச்சிறிய தூண்டலைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேறுபாடு ஒன்றரை வோல்ட்டை நெருங்கிவிடுகிறது. நாங்கள் இரக்கப்பட்டுச் செய்தது கரைசலை மின்னாற்பகுப்பு செய்யப் போதுமானதாக இருந்தது. எஃகு ஊசி மின்வாய்கள் மஞ்சளாகிக் கரைசலைக் கெடுத்தன. டேட்டாஷீட்டில் எழுதியிருப்பதைப் பலகையில் ஒரு மின்தேக்கியும் ஒரு பெருக்கியும் வைத்துச் சரிசெய்திருக்கலாம். விற்றவரிடம் கேட்டதற்கு, திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பாகங்களை நாகர்கோவிலில் வாங்கி நாங்களே பற்றவைத்தோம்.

இத்தனைக்கும் பிறகு, ஆக்டின் இழையானபோது தடை சரிந்ததைக் கண்டு, இழை மின்சாரத்தைக் கடத்துகிறது என்று மாணவர்கள் மகிழ்ந்தார்கள். புரதமே இல்லாத கரைசலில் அதே உப்பைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். அதே அளவு சரிந்தது. நாங்கள் அளந்தது பொட்டாசியம் குளோரைடை! கணக்கிட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் ஆக்டின் இருந்தால் அது பிடிக்கும் இடம் மொத்தக் கனஅளவில் 0.07 சதவீதம், அதனால் கடத்தலில் ஏற்படக்கூடிய மாற்றம் 0.1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். உப்புக்கரைசலின் கடத்துதிறனோ வெப்பம் ஒரு டிகிரி கூடினாலே ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். மின்விசிறி சுழலும் எங்கள் அறையில் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு மாறினாலும் இழையின் சுவடு மறைந்துவிடும். கருவியின் சொந்தப் பிழையோ அதைவிட ஐந்து மடங்கு.

உயிரணுக்குள் நிலைமை இன்னும் கடினம். அங்கே உள்ள உப்பில், இழையின் எதிர்மின்னூட்டத்தை அயனிகள் சுமார் 1 நானோமீட்டருக்குள்ளேயே மூடி மறைத்துவிடுகின்றன. இரு முனைகளிலும் மின்வாய் வைக்க வழியும் இல்லை. இழைகள் கம்பிபோல மின்குறிப்புகளைக் கடத்துமா என்ற கேள்வி 1990-களிலிருந்தே பேசப்படுகிறது. உயிரணுவின் மற்றொரு வகைப் புரத இழையான நுண்குழல்களின் கடத்துதிறனுக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் தந்த மதிப்புகள் பல பத்து மடங்கு வேறுபடுகின்றன. உப்பையும் மின்வாயையும் பிரித்தெடுக்காமல் வந்த எண் எதையும் இனி நான் எளிதில் ஏற்கமாட்டேன்.

இழையை அளக்க விரும்புவோர், மின்னோட்டத்துக்கு இரண்டும் மின்னழுத்தத்தை அளக்க இரண்டுமாக நான்கு மின்வாய் வைக்கும் முறையையும், வெப்பத்தை நூறில் ஒரு டிகிரிக்குள் நிறுத்தும் குளியலையும் முதலில் தேடவேண்டும். இரட்டை அடுக்கையும் அயனிக் கரைசல்களையும் மாணவர்களுக்குக் கற்பிக்க இந்தப் பலகை தாராளமாகப் போதும். மின்தேக்கி சேர்த்த பிறகே வாங்கிய பணத்துக்குப் பயன் தரும். எங்கள் பலகை இப்போது மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கிணற்று நீரின் உப்பை அளந்துகொண்டிருக்கிறது.