டயலிசிஸ் குழாய் பொருத்துவதில் ஏமாற்று: திருகோணமலை நோயாளர் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலை நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையம், என் அப்பாவிடம் நீண்டகால டயலிசிஸ் குழாய்க்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு, தற்காலிகக் குழாயைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பியது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவரைப் பராமரிக்கும் வேறெந்தக் குடும்பமும் இவ்வாறு ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டு குழாய்களையும் வெறுங்கண்ணாலேயே வேறுபடுத்தலாம். தற்காலிகக் குழாய் கழுத்து நாளத்தினுள் நேராக நுழைந்து, நுழைந்த இடத்திலேயே தையலிட்டு நிறுத்தப்படும். அவசரத்துக்கு மட்டுமே உரிய அதனை இரண்டு வாரங்களுக்கு மேல் கழுத்தில் விட்டுவைக்கக் கூடாது என்பதே சிறுநீரக வைத்தியத்தின் பொதுவான நெறி. பெர்ம்கெத் என்று எல்லோரும் சொல்லும் நீண்டகாலக் குழாயும் கழுத்து நாளத்துக்குள்தான் செல்கிறது; ஆனால் தோலுக்கடியால் ஓடி, காறை எலும்புக்குக் கீழே நெஞ்சில்தான் வெளியே வரும். தோலுக்குள் இருக்கும் பகுதியில் அதற்கு ஒரு சிறிய நார் வளையம் உண்டு. இழையம் வளர்ந்து அதனைப் பற்றிக்கொள்வதால் குழாய் நழுவாது, வெளிக்கிருமிகள் உள்ளே ஏறுவதும் குறையும். அப்பாவின் குழாய் கழுத்திலிருந்தே தொங்கியது. “மாதக்கணக்கில் இருக்கும் ஐயா, பயப்படாதீங்கள்” என்றார்கள். பற்றுச்சீட்டில் குழாயின் வகை எழுதப்படவில்லை. இதனைத் தவறுதல் என்று என்னால் ஏற்க முடியாது. பொருத்தியவருக்கு அது எந்தக் குழாய் என்பது தெரியாதிருக்க வழியே இல்லை.

பிறகு, டயலிசிஸ் தொடங்கிச் சற்று நேரத்தில் உடலைத் தூக்கிப்போடும் அளவுக்கு நடுக்கமும் காய்ச்சலும் வரத் தொடங்கின. குழாயில் தங்கிய கிருமி இரத்தத்தோடு கலக்கும்போது இப்படித்தான் நடக்கும் என்பதும், அது இதய வால்வு, முள்ளந்தண்டு வரை பரவக்கூடும் என்பதும் டயலிசிஸ் செய்யும் இடத்தில் யாவரும் அறிந்திருக்க வேண்டியவை. அவர்களோ சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்று சொல்லி பனடோல் கொடுத்தார்கள். அரச வைத்தியசாலையில் வைத்தியர் கழுத்தைப் பார்த்தவுடனேயே, இதை ஏன் இவ்வளவு காலம் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டார். இரத்தப் பரிசோதனையில் கிருமி உறுதியானது. குழாய் அகற்றப்பட்டு, நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் வாரக்கணக்கில் ஏற்றப்பட்டன.

இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அப்பா வலக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே, டயலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் நாடியை நாளத்தோடு நேரடியாக இணைக்கும் ஃபிஸ்டியூலா செய்வதற்கு இடக்கை நாளங்களைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். அந்த நிலையத்தில் சேலைன் ஏற்றவும் இரத்தம் எடுக்கவும் அதே இடக்கையின் மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் மாறி மாறிக் குத்தினார்கள். அதற்குப் பதிலாகக் குத்தியிருக்கக்கூடிய புறங்கை நாளங்களை அவர்கள் தொடவேயில்லை. ஃபிஸ்டியூலா சத்திரசிகிச்சையை நியூயோர்க்கில் பிரெசியா, சிமினோ ஆகியோரின் குழுவினர் 1966இல் வெளியிட்டார்கள். தொற்றும் அடைப்பும் குறைவாக இருப்பதால், பொருத்தமான நாளமுள்ளவர்களுக்கு இன்றும் அதுவே முதல் தெரிவாக இருக்கிறது. ஸ்கேன் செய்தபோது அப்பாவின் மணிக்கட்டு நாளம் இறுகி அடைபட்டிருந்தது. ஆகவே மேற்கையில் செய்ய வேண்டியதாயிற்று. ஃபிஸ்டியூலா ஊசி ஏற்றும் அளவுக்குத் தடிக்கக் குறைந்தது 6 வாரங்களாவது தேவை, பலருக்கு 2, 3 மாதங்களும் ஆகும். அதுவரை இன்னொரு குழாயோடுதான் இருக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்பே குழாயின் வகையைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். குழாய் வந்த பொதியிலுள்ள லேபிளையும் கேட்டு வாங்குங்கள். டயலிசிஸ் குழாயின் மூடியைத் திறந்து சேலைன் ஏற்ற எவரையும் விடாதீர்கள். ஃபிஸ்டியூலா செய்த கையில் பிரஷர் பார்க்க இடமளிக்க வேண்டாம். அங்கே விரலுக்குத் தெரியும் அதிர்வு நின்றுவிட்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு, பற்றுச்சீட்டின் பிரதியையும் குழாயை அகற்றிய வைத்தியரின் குறிப்பையும் இணைத்து முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். அதன் பின்னர் அந்த நிலையத்தார் தொலைபேசியில் அழைத்து, முறைப்பாட்டை மீளப் பெற்றால் மேலதிகமாக வாங்கிய பணத்தைத் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் மீளப் பெறவில்லை.