ஆண்ட்ராய்டு கார் ஸ்டீரியோ: வாங்கும்போது திரை, வருடம் போனால் வயர்

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் ஸ்டீரியோ கேட்டால் கடைக்காரர் முதலில் காட்டுவது திரையைத்தான்: 9 இன்ச், க்யூஎல்இடி, 4 ஜிபி ரேம். ஓரிரு வருடம் கழித்துத் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் அதன் முதுகில் முறுக்கிவிட்ட வயர்கள்.

மேப், பாட்டு எல்லாம் ஃபோனிலிருந்தே ஓடும் என்றால் சோனி, பயனியர் போன்ற கம்பெனிகளின் 7 இன்ச் 2 டின் (டேஷ்போர்டில் இரட்டை உயர இடம் பிடிக்கும் அளவு) ரிசீவர் தாராளம். ஃபோன் ஆப்புகளைக் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் உழைப்பது ஃபோன். செட் பழசானாலும் பெரிதாகத் திணறாது. பின்சீட்டில் யூடியூப் கேட்கும் பிள்ளைகள் இருந்தால்தான் ஆப்புகளைத் தானே ஓட்டும் முழு ஆண்ட்ராய்டு செட். அதை வாங்கும் முன் பென் டிரைவில் செட்டின் உண்மையான விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் ஆப்பை எடுத்துப்போய் ஏற்றிப் பாருங்கள். மலிவான செட்டுகளில் செட்டிங்ஸ் பக்கம் ‘ஆண்ட்ராய்டு 13’ என்று சொல்லும். ஆனால் சிபியு-இசட்டில் ஏபிஐ லெவல் (ஆண்ட்ராய்டு பதிப்பின் உள் எண்) 29 என்று காட்டினால் உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு 10.

‘50 வாட் x 4’ என்பதும் உச்ச அளவுதான். 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சுத்தமாகத் தருவது சேனலுக்கு 15 முதல் 20 வாட். ஆகவே ‘300 வாட்’ ஸ்பீக்கரைத் தேட வேண்டாம். சென்சிடிவிட்டி (குறைந்த வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 90 டெசிபலுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் மாடலுக்கான கப்ளர் (வெட்டாமல் செருகும் வயர் இணைப்பு) கேட்டு வாங்குங்கள், கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள். மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு ஏசிசி (சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைன்), கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் சாவியை எடுக்கும்போதெல்லாம் ரேடியோ ஸ்டேஷனும் ஈக்வலைசரும் அழிந்துபோகும். ஏசிசி லைன் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கினால் செட் தூங்கவே தூங்காது, பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்சுலேஷன் டேப் சித்திரை வெயிலில் பசை விட்டு நழுவும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி வயரைப் பிடிக்கும் குழாய்) போடச் சொல்லுங்கள்.

காலையில் ஸ்டார்ட்டர் சோர்ந்தால் உடனே பேட்டரியை மாற்றாதீர்கள். இன்ஜினை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே போட்டு, கார் முழுசாக அடங்க அரைமணி நேரம் விடுங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் சரி. 300 காட்டினால் ஸ்டீரியோ ஃபியூஸை உருவுங்கள். ரீடிங் சட்டென்று இறங்கினால் திருடன் அதுதான். அந்த அளவில் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர் போகும். 35 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ஐந்து நாள் தாங்காது. வயரிங் சரியாக இருந்தும் இறங்கினால் ‘ஸ்லீப்’ மோடைப் பாருங்கள். சாவி போட்டதும் திரை விழித்துக்கொள்வது அதன் தயவில்தான், ஆனால் வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு அது ஆகாது.

பேஸ் வரவில்லை என்று சப்வூஃபர் வாங்க ஓடும் முன் பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளிக் கேளுங்கள். அப்போது பேஸ் கூடினால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. இரண்டு கோனும் எதிரெதிராக ஆடி ஒலியை ஒன்றுக்கொன்று தின்கின்றன. கறுப்புக் கோடு போட்ட வயர் மைனஸ். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஸ்பீக்கர் மைனஸை பாடியில் எர்த் செய்யவே கூடாது, உள் ஆம்ப்ளிஃபயர் ஐசி எரிந்துவிடும்.

எஃப்எம் இரைந்தால் நீல வயரைப் பாருங்கள்; ஆன்டெனா பூஸ்டருக்கு 12 வோல்ட் அதில்தான் போகிறது. ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் ‘ஙொய்ய்’ சத்தத்துக்குப் பெரும்பாலும் எர்த் சரியில்லாததே காரணம். பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்கினால் பல கார்களில் அடங்கிவிடும்.

வெயில்தான் இந்தச் செட்டுகளின் பரம எதிரி. டேஷ்போர்டுக்கு மேல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் திரையில் டச் ஒட்டு குமிழி விடுவதும், ஓரத்தில் தொட்டால் நடுவில் வேலை செய்வதும் சகஜம். நிறுத்தும்போது சன் ஷேடு போடுங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவை உலோகச் சட்டத்துக்குக் கீழே திணிக்காமல், டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் அடியில் வானம் பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். செட்டின் முகத்தில் உள்ள ஊசித்துளை மைக்கை நம்ப முடியாது. தனி மைக்கை ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) ஓரமாக ஏற்றிவிட்டால், ஏசி முழு வேகத்தில் ஓடும்போதும் எதிர்முனையில் பேசுபவர் ‘என்ன, என்ன’ என்று கேட்க மாட்டார்.