ஓபன் ஜீப்புக்கு அரை டாப்: சேலம் வெயிலையும் ஏற்காட்டு மழையையும் தாங்குவது எது?

ஓபன் ஜீப்புக்கு அரை டாப், அதாவது பக்கமும் பின்னும் திறந்திருக்க மேலே மட்டும் மூடும் துணிக்கூரை, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தத் துணி நல்லது?" என்றுதான். சேலம் வெயிலிலும் ஏற்காட்டு மழையிலும் சில வருடம் உழைத்த டாப்பைக் கழற்றி விரித்துப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும். நடுத்துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மூலையில் நாடா தைத்த இடம் பிய்ந்திருக்கும். பக்க ஓரம் காற்றில் அடித்து அடித்து நைந்திருக்கும். டிச் பட்டனைச் சுற்றித் துரு இறங்கியிருக்கும். நூல் வெயிலில் இற்றுப்போய் விரலால் இழுத்தாலே அறும். அதனால் துணிக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் காசை ஓரத்துக்கும் நூலுக்கும் பக்கிளுக்கும் கொடுங்கள்.

நம் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வண்டி வேறொரு பருவத்துக்குள் போய்விடும். சித்திரையில் அஸ்தம்பட்டி சிக்னலில் 38 டிகிரியில் வெந்த அதே துணி, சாயங்காலம் ஏரிப் பக்கம் சாரலில் நனையும். மார்கழி விடியலில் மலைமேல் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பிவிசி பூசிய துணி சூட்டில் தளரும், குளிரில் விறைக்கும். நண்பகல் வெயிலில் துணியை முழுசாக இழுத்து அளவெடுத்துத் தைத்த டாப், மேலே போனதும் பட்டன் எட்டாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். காலையிலோ நிழலிலோ அளவெடுக்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் பக்கிளில் குறைந்தது 5 செ.மீ. இழுக்கவும் விடவும் இடம் இருக்கட்டும்.

அரை டாப்பில் இரண்டு வகை. முன் சீட்டுக்கு மட்டும் நிழல் தருவது பிகினி டாப். பின் சீட் வரை போவது நீள டாப், சிலர் சஃபாரி டாப் என்பார்கள். இரண்டுமே நிழலுக்கானவை. சாய்ந்து அடிக்கும் மழையை இவை தடுக்காது, தடுக்கும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்து மழைக்காலத்தில் மலை ஏறுகிற குடும்பத்துக்கு ஜன்னலோடு கூடிய முழு சாஃப்ட் டாப்தான் சரி. அரை டாப்பை அவர்கள் இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

காற்று என்ன செய்கிறது

80 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ. 40 கி.மீ. வேகத்தில் அது ஏழரை கிலோதான். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. மலைப்பாதையில் அமைதியாக இருந்த டாப், நாமக்கல் பைபாஸில் ஏறியதும் பறை அடிப்பது இதனால்தான். முன்கண்ணாடிச் சட்டத்தைத் தாண்டி வரும் காற்று துணியை மேலே தூக்குகிறது, விடுகிறது, மறுபடி தூக்குகிறது. சத்தம் காதுக்குத் தொல்லை என்பதோடு போகவில்லை, ஒவ்வொரு அடியும் ஓரத் தையலைத் தின்கிறது.

இதற்கு மருந்து வெட்டில் இருக்கிறது. பக்க ஓரத்தை நேர்கோடாக வெட்டினால் மூலைகளை எவ்வளவு இழுத்தாலும் ஓரத்தின் நடுப்பகுதி தொளதொளவென்றே இருக்கும். மீட்டருக்கு 3 செ.மீ. அளவு உள்வாங்கிய வளைவாக வெட்டினால், மூலையில் இழுக்கும் இழுப்பு ஓரம் முழுக்கப் பரவும். பெரும்பாலான குஷன் கடைகளில் நேராகத்தான் வெட்டுவார்கள், ஏனென்றால் துணி மிச்சமாகும், மடிப்பதும் சுலபம். வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சாக்பீஸால் வளைவு போட்டுக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

ஓரத்தை இரண்டு மடிப்பாக 4 செ.மீ. மடித்து, உள்ளே 25 மி.மீ. பாலியெஸ்டர் நாடா வைத்துத் தைக்க வேண்டும். மூலையில் பழைய சீட் பெல்ட் நாடாவை முக்கோண ஒட்டாகப் போட்டு, இழுவை நாடாவை 45 டிகிரி கோணத்தில், சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தைத்தால் இரு திசையிலும் இழுப்பு போகும். தையல் நீளம் 4 முதல் 5 மி.மீ. போதும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்து 2 மி.மீ. வைத்தால் ரெக்ஸின் தபால் தலைபோல ஓட்டை வரிசையிலேயே கிழியும். நூல் கண்டிப்பாக பாண்டட் பாலியெஸ்டர் (இழைகள் பிரியாமல் ஒட்டவைத்த நூல்). நைலான் நூல் கடையில் முரடாகத் தெரியும், ஆனால் வெயில் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். பருத்தி நூல் மலை ஈரத்தில் இற்றுப்போகும்.

பிளாஸ்டிக் பக்கிள் மெல்ல மெல்ல வழுக்கி விடும். பல் கடிக்கும் உலோக கேம் பக்கிள் நல்லது. லாரியில் கட்டும் ராட்செட் வேண்டாம், அளவுக்கு மீறி இழுத்து முன்கண்ணாடிச் சட்டத்தை நெளிக்கும். தொங்கும் நாடா ஓடும்போது ரீங்காரமிட்டால், அதைக் கட்டும் முன் ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள், சத்தம் அப்போதே நிற்கும்.

முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தின் மேல் அலுமினிய சேனல் வைத்து, அதில் டாப்பின் முன் ஓரத்தை நுழைப்பது சிறந்த முறை. சேனலுக்கும் சட்டத்துக்கும் இடையே மூடிய துளை உள்ள ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டாவிட்டால், தூறலில் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே ஓட்டுநரின் முழங்காலில் சொட்டும். புது வண்டியின் பாடியில் பட்டனுக்காகத் துளை போடாதீர்கள். பெயின்ட் உடைந்த இடத்திலிருந்து துரு தொடங்கும். 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா தாரில் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூடு) கம்பெனியிலிருந்தே வருவதால் நாடாவை அதிலேயே சுற்றிக் கட்டலாம். பின் சீட் பெல்ட் ஓடும் பாதையில் மட்டும் நாடா உரசக் கூடாது. பழைய எம்எம்540, மேஜர், ஜிப்ஸி வண்டிகளில் பாடியிலேயே இருக்கும் கொக்கிகள் போதும்.

பட்டன் வாங்கும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் பிடித்தால் அது முலாம் பூசிய இரும்பு, முதல் மழைக்காலத்திலேயே பழுப்புக் கறை விடும். பித்தளையில் காந்தம் பிடிக்காது.

துணி

54 அங்குல அகலத் துணியில் பிகினி டாப்புக்கு மடிப்பு, மூலை ஒட்டு எல்லாம் சேர்த்து 2 மீட்டர், நீள டாப்புக்கு 3 மீட்டர் வாங்கினால் கையைக் கடிக்காது. வண்டிக்கு வண்டி கேஜ் மாறும் என்பதால் அளந்துவிட்டு வாங்குவதே முறை.

லாரி தார்ப்பாய்க்கான பிவிசி துணி 500 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) மேல் இருக்கும். மழை புகாது, விலையும் கம்மி, ஊரில் தைக்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் கனம், மடித்தால் மடிப்புத் தடம் விழும், வெயிலில் அடியில் நிற்பவர் தலையில் சூட்டை இறக்கும். பருத்தி கேன்வாஸ் நனைந்தால் இழை உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், சத்தமும் குறைவு. ஏற்காட்டில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளில் கறுப்புப் பூஞ்சை. மேலும் முதல் மழையில் சுருங்கும், எனவே தைக்கும் முன் நனைத்துக் காய வைக்க வேண்டும். சாயத்தோடு நெய்த அக்ரிலிக் துணி நிறம் வெளுக்காமல் இருப்பதில் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும், விலையும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

சேலத்திலேயே பெரும்பாலும் ஓடுகிற வண்டிக்கு என் பரிந்துரை வலை டாப். பிவிசி பூசிய பாலியெஸ்டர் வலையில் காற்று ஊடுருவுவதால் படபடப்பு அநேகமாக இல்லை, சூடு தங்காது, தண்ணீர் தேங்காது. மழை வந்தால் நனைவீர்கள், அதை ஒத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

தேக்கம் சாதாரண விஷயம் இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. தண்ணீர் நின்றால் பத்து கிலோ. எஸ்டேட் வாசலில் இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் டாப் தொட்டிலாகித் தொங்குவதும் தையல் பிளப்பதும் இதனால்தான். கேஜின் நடுவிலிருந்து முன் சட்டம் வரை துணிக்கு அடியில் ஒரு 50 மி.மீ. நாடாவை இறுக்கிக் கட்டினால் நடுவில் முகடு கிடைக்கும், தண்ணீர் இரு பக்கமும் வழியும். உள்ளே வந்த தண்ணீர் வெளியேற புதிய தாரின் தரையில் வடிகால் அடைப்பான்கள் உண்டு. தரை விரிப்பை ஒருமுறை தூக்கிப் பார்த்து அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பின்னால் வரும் தூசியும் புகையும்

மேலே மூடி, பின்னால் திறந்த வண்டி ஓடும்போது பின்புறம் காற்றழுத்தம் குறையும். சக்கரம் கிளப்பிய தூசி, சைலன்சர் புகை எல்லாம் சுழன்று உள்ளே வரும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டிய சாலையில் போனால் டேஷ்போர்டில் மாவு தூவியதுபோல் படிவது முன்னாலிருந்து வந்ததல்ல. முன் சீட்டுகளுக்குப் பின்னால் கேஜில் ஒரு வலைத் தடுப்பு கட்டினால் இந்தச் சுழல் பெருமளவு அடங்கும், கழுத்தில் அறையும் காற்றும் குறையும். விலை குறைந்த பொருள், பலன் பெரிது. முழு சாஃப்ட் டாப் போட்டவர்கள் பக்க ஜன்னல்களை மூடிவிட்டுப் பின் திரையை மட்டும் சுருட்டி ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும், அதற்கு வாசனை கிடையாது. பின்னால் திறந்தால் பக்கமும் திறந்திருக்கட்டும்.

பின்பக்கச் சாமான்களை மூடும் டானோ கவர் எஸ்டேட் வேலைக்கு மிகவும் உதவும். காப்பிப் பழ அறுவடைக் காலத்தில் மூட்டை போட்டுக்கொண்டு கொட்டச்சேடு, நாகலூர் பாதையில் வருபவர்களுக்குத் தூறலும் இலைச் சருகும் படாமல் காக்கும். ஆனால் அது பூட்டு அல்ல. குரங்குக்கும் அது தடை அல்ல. லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் பக்கம் நிறுத்தும்போது வாழைப்பழமோ சிப்ஸோ வண்டிக்குள் இருந்தால் குரங்கு வாசனை பிடித்து வந்து ஜிப்பையும் ஜன்னல் பிளாஸ்டிக்கையும் பிய்க்கும். தின்பண்டத்தைக் கையோடு எடுத்துச் செல்வதே ஒரே வழி.

இரவில் வெளியில் நிற்கும் வண்டிக்கு, முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை மட்டும் மூடும் கேப் கவரை அரை டாப்பின் மேலேயே போடலாம். முழு வண்டியையும் தார்ப்பாயால் இறுக மூடுவது மலையில் கெடுதல். சில்வர் ஓக் நிழலில் ஈரம் வெளியேறாமல் சீட்டில் பூஞ்சை, தரையில் துரு. மூச்சு விடும் துணியாகப் பார்த்து, வண்டிக்கு அடியில் ஒரு பெல்ட் போட்டுக் கட்டுங்கள். ஓர எலாஸ்டிக் மட்டும் நம்பத் தக்கதல்ல. பலா மரத்தடியில் நிறுத்தாதீர்கள், அதன் பால் எந்தத் துணியிலிருந்தும் லேசில் போகாது.

பிளாஸ்டிக் ஜன்னல் குளிர்ந்த காலையில் கண்ணாடிபோல் உடையும். வெயில் பட்டு இளகிய பிறகு, நடுவில் பழைய பருத்தி வேட்டித் துணி வைத்துச் சுருட்டுங்கள், மடிக்க வேண்டாம். தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் நிரந்தரம், முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். ரெக்ஸின் மினுமினுக்க டீசல், மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது துணியின் மென்மையை உறிஞ்சி வெடிப்பு விட வைக்கும். மென்சோப்பும் மெத்தென்ற பிரஷும் போதும். ஜிப்பில் எண்ணெய் விடாமல் மெழுகுவத்தியைத் தேயுங்கள், எண்ணெயில் தூசி ஒட்டும்.

ஹார்ட் டாப் வண்டியைச் சாஃப்ட் டாப்பாக நிரந்தரமாக மாற்ற நினைப்பவர்கள், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவைப் பார்த்துவிட்டு ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் மூலைத் தையல்களை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் மறுதையல் போட்டால் போதும், புது டாப் தேவையில்லை. தைப்பவரிடம் பழைய ஓட்டையிலேயே ஊசி விடாமல் 5 மி.மீ. தள்ளி உட்புறமாகப் புது வரிசை போடச் சொல்லுங்கள், முடித்ததும் பழைய ஓட்டைகளின் மேல் சீம் சீலர் (தையல் ஓட்டையை அடைக்கும் பசை) தடவி ஒரு நாள் காய விடுங்கள்.