கனடா ஆவணக்காப்பகத்தின் முதல் உலகப் போர்க் கோப்புகள்: தண்டவாளக் கூலிகளைத் தேடுகிறவர்களுக்கு

முதல் உலகப் போரில் கனடாப் படையில் சேர்ந்த சாதாரண ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்ள, ஒட்டாவாவில் இருக்கும் கனடா நூலகம் மற்றும் ஆவணக்காப்பகம் நடத்தும் இந்த இணையச் சேவையைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் கோப்புகள், 2018இல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்தார்கள். கட்டணம் கிடையாது. நீங்கள் மதுரையில் இருந்தாலும் ஸ்கார்பரோவில் இருந்தாலும் பெயரையோ படை எண்ணையோ போட்டால் ஒருவருடைய முழுக் கோப்பும் பிடிஎஃப்பாக இறங்கிவிடும்.

நான் இதில் தேடுவது ரயில்பாதை போட வந்து சிப்பாயாகப் போனவர்களை. கனடாவின் மேற்கே கிராண்ட் ட்ரங்க் பசிபிக் பாதையைப் போட்டது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த கூலியாட்கள்தான். உக்ரைனியர், இத்தாலியர், ஸ்காண்டிநேவியர் என்று பல நாட்டுக்காரர்கள். அந்தப் பாதை 1914 ஏப்ரலில் முடிந்தது, ஏற்கெனவே நாட்டில் மந்தம், ஆயிரக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் நின்றார்கள், ஆகஸ்டில் போர் வந்தது. சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு 1 டாலர் 10 சென்ட் சம்பளம், சாப்பாடும் பூட்ஸும் தனி. நாட்டுப்பற்று, பேரரசு விசுவாசம் என்று எவ்வளவோ பேசுகிறோம், ஆனால் பலரைப் படையில் சேர வைத்ததில் இந்தச் சம்பளத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கோப்பைத் திறந்ததும் முதலில் படையில் சேர்ந்த படிவத்தைப் பாருங்கள். பிறந்த ஊர், நெருங்கிய உறவினர் யார், அவர் எங்கே இருக்கிறார், என்ன தொழில், கல்யாணம் ஆகிவிட்டதா, தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று வரிசையாகக் கேள்விகள். பின்பக்கம் உயரம், மார்பளவு, கண் நிறம், தழும்புகள். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறி போட்டிருப்பார்கள். அதை முதல்முறை பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்டவர்கள் தங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்திருக்க மாட்டார்கள், அவர்கள் உடம்பைப் பற்றியும் ஊரைப் பற்றியும் இவ்வளவு விவரம் வேறெங்கும் கிடைக்காது.

அப்புறம் காயப் பதிவுத் தாள். இதுதான் கோப்பின் உயிர். எந்தத் தேதியில் பிரான்ஸ் போனார், எப்போது காயம், எந்த மருத்துவமனை, எப்போது திரும்பவும் போர்முனை என்று ஒவ்வொரு வரியாக வரும். சுருக்கெழுத்துகள் தெரியாமல் போனால் தலை சுற்றும். டி.ஓ.எஸ் (T.O.S.) என்றால் அந்தப் படைப்பிரிவின் கணக்கில் சேர்த்தார்கள், எஸ்.ஓ.எஸ் (S.O.S.) என்றால் கணக்கிலிருந்து எடுத்தார்கள், ஜி.எஸ்.டபிள்யூ (G.S.W.) என்றால் குண்டுக் காயம். இந்த மூன்று தெரிந்தாலே பாதித் தாள் புரிந்துவிடும்.

எந்தக் கோப்பிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ஃபிலிப் கோனோவால் என்பேன். இவர் தண்டவாளக் கூலி அல்ல, மரம் வெட்டியவர், ஆனால் அதே அலையில் வந்தவர். ருஷ்யப் பேரரசில் இருந்த போதோலியாவின் ஒரு கிராமத்தில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு 1913இல் கனடா வந்தார், 1915இல் படையில் சேர்ந்தார், 1917 ஆகஸ்டில் பிரான்சின் லான்ஸ் நகருக்குப் பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தனியாகவே போய் அழித்து, பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார். தலையில் பட்ட காயம் அவரை விடவில்லை. 1919இல் ஒருவரைக் கொன்ற வழக்கில் மனநிலை சரியில்லை என்று தீர்ப்பாகி வருடக்கணக்கில் மனநல மருத்துவமனையில் இருந்தார். பிறகு கிடைத்தது நாடாளுமன்றக் கட்டடத்தில் துப்புரவு வேலை. பிரதமர் மெக்கன்சி கிங் கண்ணில் பட்ட பிறகுதான் கொஞ்சம் மரியாதையான பொறுப்பு கொடுத்தார்கள்.

கோனோவால் பிறந்த பக்கத்துக்கும் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவுக்கும் நடுவே எல்லையாக ஓடியது ஸ்புரூச் என்ற ஆறு. ஆஸ்திரியா போரில் எதிர்ப்பக்கம் என்பதால், கலீசியாக் கரையில் பிறந்த உக்ரைனியர் கனடாவில் எதிரி நாட்டுக் குடிமகன். மொத்தம் 8,579 பேரை முகாம்களில் அடைத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் உக்ரைனியர். 1916இலிருந்து ஆள் பற்றாக்குறை வந்ததும் அவர்களில் பலரை ரயில்வே வேலைக்கே வெளியே விட்டார்கள். எதிரி நாட்டுக்காரர் என்ற பெயரிலிருந்து தப்பிக்கச் சில கலீசியாக்காரர்கள் ருஷ்யாவில் பிறந்ததாகச் சொல்லிப் படையில் சேர்ந்தார்கள். ஒரு படிவத்தில் பிறந்த இடம் ருஷ்யா என்று இருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

குறை என்றால் இவர்கள் ரயில்வேயில் வேலை பார்த்த காலம் கோப்பில் கிட்டத்தட்ட இல்லை. தொழில் என்ற இடத்தில் 'கூலியாள்' என்று ஒரே சொல், எந்தக் கம்பெனி, எந்த முகாம், எத்தனை வருடம், ஒன்றும் தெரியாது. அது ஆவணக்காப்பகத்தின் தவறில்லை, அன்றைக்கு எழுத்தருக்கு அது தேவைப்படவில்லை. ருஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர் என்றால் அதே ஆவணக்காப்பகத்தில் ருஷ்யத் தூதரகங்களின் பழைய கோப்புத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, லிராமா என்பார்கள், அதில் சொந்த ஊர், குடும்பம் பற்றிக் கூடுதலாகக் கிடைக்கலாம்.

பெயர் தேடும்போது பொறுமை வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள், ஒரே ஆளுக்கு ஒரே கோப்புக்குள்ளேயே இரண்டு மூன்று விதமாக வரும். முதல் சில எழுத்துகளைப் போட்டு நட்சத்திரக் குறி வைத்துத் தேடுங்கள், படை எண் கிடைத்தால் உடனே குறித்து வையுங்கள், எண் பெரும்பாலும் மாறாது. அவர் எந்தப் பட்டாலியன் என்று தெரிந்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பும் அதே தளத்தில் இருக்கிறது. அவர் காயம்பட்ட தேதியை அதில் எடுத்துப் பாருங்கள், அன்று மழையா, எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது வரை பல நேரம் எழுதியிருக்கும்.