நூல் கோத்துத் தைக்கும் கடை

திருகோணமலையில் இப்போது புத்தகம் கட்டக் கொடுத்தால் பசை தடவி மட்டையை ஒட்டித் தந்துவிடுகிறார்கள். நாலு தடவை விரித்தால் தாள் கையோடு வருகிறது. மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், பெயர்ப்பலகை இல்லாத கடையொன்றில் மட்டும் இன்னும் நூல் கோத்துத் தைக்கிறார்கள்.

துறைமுகத்தில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்த காலத்திலிருந்தே, மலையகத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். நானூற்றுச் சொச்சம் தாள்கள். கடைக்காரத் தம்பி தாள்களில் குத்தியிருந்த துருப்பிடித்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கத்தி நுனியால் நெம்பி எடுத்தார்; ஒரு தாளும் கிழியவில்லை. நடுவில் நிமிர்ந்து, “ஐயா, இவர் புடவை வியாபாரியா?” என்று கேட்டார். அந்நாளில் தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. புடவை விற்பவருக்குத் தடையில்லை. அதனால் தஞ்சாவூர்க்காரரான இந்தப் பத்திரிகையாசிரியர் புடவை மூட்டை சுமந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் போனார் என்றேன். அவர் மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளருக்காகப் பாடிய பாட்டுகளின் தாள் வந்தபோது, உள்ளே தைத்துக்கொண்டிருந்த பெண் அதை வாங்கி முழுதும் வாசித்த பிறகுதான் ஊசியை எடுத்தார். வேலை சுணங்கியது இப்படித்தான். ஒரு வாரம் என்றது மூன்று வாரமானது.

பிழையும் நடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கிய பகுதி முன்னே நிற்கிறது, 1928இல் கொழும்புத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு முறிந்தது பின்னே வருகிறது. கொழும்பில் குணசிங்கவின் சங்கத்தில் உழைத்து, அங்கே முறிந்த பிறகுதானே மனிதர் மலைநாட்டில் தனிச் சங்கம் கட்டினார்? என் புத்தகத்தில் காரணத்துக்கு முன் காரியம். 1936இல் அவர் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனதாவது சரியான இடத்தில் இருந்தது.

திருப்பிக் கொண்டுபோனேன். தம்பி முகம் சுளிக்கவில்லை. நூலை அறுத்து, அடுக்கி, என் கண் முன்னாலேயே மறுபடி தைத்தார். பசை போட்ட கட்டு என்றால் அத்தனை தாளும் போயிருக்கும். கூலி 1,800 ரூபாய். இரண்டாம் தையலுக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. முதுகெழுத்து மட்டும் சற்றே சாய்ந்திருக்கிறது; விட்டுவிட்டேன்.

போகிறவர்கள் தாள்களுக்கு இலக்கமிட்டுக் கொண்டுபோங்கள். நான் இடவில்லை, அதைத் தம்பி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவும் இல்லை.