பிளேடு மாற்றும் கத்தியா, தீட்டும் கத்தியா? மலை வேட்டைக்குப் போகிறவரின் ஒப்பீடு

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனுக்கு வடகிழக்கே நீளும் தாராருவா மலைத்தொடருக்கு மான் வேட்டைக்குப் போகத் தொடங்கி எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் பிளேடு மாற்றும் மடக்குக் கத்தியை வைத்திருந்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக, அலகும் பிடியும் ஒன்றாக அமைந்த, மழுங்கினால் நாமே தீட்டிக்கொள்ளும் சாதாரணக் கத்தியை வைத்திருக்கிறேன். என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் கத்தியை நம்பி நான்கு ஆண்டுகள் காட்டுக்குப் போனவன் என்பதால், அதன் அருமையை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வளர்ந்த நமக்கு மான் வேட்டை என்ற சொல்லே உறுத்தும் என்பதால், இந்த நாட்டின் நிலையை ஒரு பத்தியில் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூசிலாந்தில் மான் மண்ணின் விலங்கு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்ட செம்மான், அதைத் தின்னும் இரைகொல்லி எதுவும் இல்லாத காடுகளில் பெருகி, கன்று மரங்களையும் அடிக்காட்டையும் மேய்ந்து தீர்த்தது. 1930களில் அரசே சம்பளம் கொடுத்து வேட்டையாட்களை மலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1870களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட மிளாவின் வழித்தோன்றல்கள்கூட வடதீவில் இன்றும் திரிகின்றன. துப்பாக்கி உரிமமும் இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவசமாகத் தரும் அனுமதிச் சீட்டும் இருந்தால் தாராருவாவில் செம்மானை ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம்.

துப்பாக்கி, காலணி, மழைச்சட்டை, ஆபத்தில் செயற்கைக்கோளுக்குக் குறிப்பலை அனுப்பும் கருவி ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். கத்தியைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. ஆனால் குண்டு பாய்ந்த நொடியிலிருந்து இறைச்சி வீட்டுக் குளிர்பெட்டிக்குப் போகும்வரை நடக்கும் வேலை முழுவதும் கத்தியுடைய வேலைதான். ஒரு பெண்மான் விழுந்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு நான்கு மணி நேர நடை என்றால், அதை அங்கேயே பிரித்து, எலும்பு நீக்கி, முப்பது கிலோ வரையிலான இறைச்சியாக முதுகில் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

பிளேடு மாற்றும் கத்தியின் தத்துவம் நமக்குப் புதிதன்று. தோல்வாரில் தீட்டித் தீட்டிச் சவரம் செய்த நாவிதர், பிறகு பாதி பிளேடைச் செருகும் கத்திக்கு மாறினாரே, அதே மாற்றம்தான் இதுவும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள, அறுவைச் சிகிச்சைக் கத்தியின் வகையைச் சேர்ந்த அலகு ஒரு மடக்குப் பிடியில் செருகப்பட்டிருக்கும். மழுங்கியதும் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம். அதன் கூருக்கு ஈடாக நான் தீட்டிய எந்தக் கத்தியையும் இன்றுவரை சொல்ல முடியாது. தோலுக்கும் சதைக்கும் இடையிலுள்ள வெள்ளைச் சவ்வில் அது ஓடும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாது. எடையும் மிகக் குறைவு. தீட்டத் தெரியாதவரும் முதல் நாளே நல்ல கூரோடு மலைக்குப் போகலாம் என்பதே அதன் பெரிய வசதி. நானும் அதற்காகத்தான் வாங்கினேன்.

தீட்டும் கத்தியாக நான் இப்போது வைத்திருப்பது சுவீடனின் மோரா வகைக் கத்தி. அலகு பத்து சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம், தடிப்பு 2.5 மில்லிமீட்டர். நாற்பது டாலருக்குள் வாங்கினேன். பிடி ஆரஞ்சு நிறம். உதிர்ந்த இலைகளுக்கு நடுவே கீழே வைத்த கத்தியைத் தேடி அலைந்தவர்கள் இந்த நிறத்தின் மதிப்பை அறிவார்கள். எடையில், உறையையும் சின்னத் தீட்டுத் தகட்டையும் சேர்த்தால், இது முந்தையதைவிட நூறு கிராம் அளவுக்குக் கூடுதல். முப்பது கிலோ சுமந்து இறங்கப் போகிறவர் அந்த நூறு கிராமைக் கணக்குப் பார்ப்பது வீண்.

இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது தொடக்கக் கூர் அன்று என்பதே என் எண்ணம். கூர் போன பிறகு, குளிரிலும் மழையிலும் கொழுப்பு அப்பிய கைகளோடு, அதை எப்படி மீட்டுக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லா அலகும் மழுங்கும்; மான் மயிரை அறுப்பது மணலை அறுப்பதற்கு ஏறத்தாழ ஒப்பு. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஆண்மான்கள் கர்ச்சித்துத் திரியும் பருவத்தில் அவை சேற்றில் புரண்டு வருவதால் மயிருக்குள் உண்மையாகவே மணல் இருக்கும். மெல்லிய பிளேடு அப்படிப்பட்ட தோலில் வெகு சீக்கிரம் தன் கூரை இழக்கிறது. ஒரு முழு மானுக்கு எனக்கு மூன்று, சில நேரம் நான்கு பிளேடுகள் ஆகியிருக்கின்றன.

மாற்றினால் போயிற்று என்று தோன்றும். வீட்டு மேசையில் அது சரிதான். மலையில், விரல்கள் மரத்துப்போன நிலையில், கொழுப்பும் இரத்தமும் வழுக்க, பிடியின் காடியில் இறுகச் சிக்கியிருக்கும் பிளேடைக் கழற்றுவது இந்த வேட்டையிலேயே ஆபத்தான வேலைகளுள் ஒன்று. இடது கைப் பெருவிரலில் எனக்கு இருக்கும் தழும்பு அறுக்கும்போது வந்ததன்று. பிளேடு மாற்றும்போது வந்தது. ஒரு சிறு குறடு இருந்தால் அந்தத் தொல்லை பெருமளவு தீரும். ஆனால் குறடையும், புதிய பிளேடுகளையும், கழற்றிய பிளேடுகளைப் போட்டு மூடிக் கொண்டுவர ஒரு டப்பாவையும் சேர்த்தால், எடை குறைவு என்ற பெருமை கரைந்துவிடுகிறது. கழற்றிய பிளேடைக் காட்டில் போட்டுவிட்டு வருவதை நான் பேச்சுக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய குறை முறிவு. இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கறிக்கடையில் எலும்போடு சேர்த்துக் கொத்தி வாங்கியே பழகிய நமக்கு, உடலைப் பொருத்துகளின் வழியே பிரிக்கும் அறிவு இயல்பாக வருவதில்லை. முன்காலை எடுத்துக்கொள்ளுங்கள்: மானின் தோள்பட்டைக்கும் விலாவுக்கும் நடுவே எலும்புப் பொருத்தே இல்லை, சதைதான் இணைப்பு, காலைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தியை ஓட்டினால் முழுக்காலும் தானாகப் பிரிந்துவிடும். பின்கால் அப்படியன்று. இடுப்பில் பந்தும் கிண்ணமுமாக அமைந்த மூட்டு இருக்கிறது. சதையை எலும்பு வரை அறுத்துக்கொண்டே போய், கத்தி முனையைக் கிண்ணத்துக்குள் நுழைத்து, உள்ளே பந்தைப் பிடித்திருக்கும் தசைநாரை அறுக்க வேண்டும். அந்த இடத்தில் கை சற்றே திரும்பினாலும் மெல்லிய பிளேடு தாங்காது. மூன்றாம் ஆண்டு குளிர்காலத்தில் ஒரு மாலை, மழையில், எனக்கு அது முறிந்தது. முனைத்துண்டு சதைக்குள் எங்கே போயிற்று என்று தலைவிளக்கின் ஒளியில் வெகு நேரம் தேடியும் கிடைக்கவில்லை. குழந்தைகள் உண்ணும் இறைச்சி என்பதால், அந்த மூட்டைச் சுற்றிய பகுதியை நான்கு விரல் ஆழத்துக்கு அரிந்து எறிந்துவிட்டு வந்தேன். பிளேடைத் திருப்பக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. களைத்த கை தெரிந்ததைச் செய்வதில்லை.

தீட்டும் கத்தி அந்த மூட்டில் முறியாது. மழுங்கினாலும், கையளவு வைரத்தூள் தகட்டில் இரு பக்கமும் பத்துப் பத்துத் தடவை இழுத்தால் வேலைக்குப் போதுமான கூர் திரும்பிவிடும். அதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை, எதையும் தேட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அரசு அனுப்பிய வேட்டையாட்களிடையே பெயர் பெற்றிருந்த மரப்பிடி போட்ட கிரீன் ரிவர் கத்தி வெறும் கரிம எஃகுதான். துருப்பிடிக்கும், ஆனால் இலகுவாகத் தீட்டலாம். ஆண்டில் பெரும்பகுதி மேகத்துக்குள் கிடக்கும் தாராருவாவின் ஈரத்துக்கு நான் துருவேறா எஃகையே எடுத்தேன். மிகக் கடினமான, விலையுயர்ந்த எஃகுகள் கூரை நெடுநேரம் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அவை மழுங்கும்போது காட்டில் மீட்பது கடினம். நடுத்தரக் கடினமுள்ள மலிவான எஃகு அடிக்கடி மழுங்கும், சீக்கிரம் மீளும். எனக்கு இரண்டாவதே ஒத்துவருகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு: தீட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். சாணைக்காரர் தெருவுக்கு வந்த காலத்தில் வளர்ந்த நம்மில் பலர் அந்த வேலையைத் தொட்டதே இல்லை. எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. பழைய சமையலறைக் கத்தி ஒன்றில் தொடங்கினேன். செங்கோணத்தில் பாதி 45, அதில் பாதி இருபத்திரண்டரை; ஏறக்குறைய அந்தச் சாய்வை மாற்றாமல் வைத்திருப்பதே முக்கால் பங்கு வித்தை. அலகின் விளிம்பில் மார்க்கர் மையைப் பூசிவிட்டுத் தீட்டினால், மை எங்கே அழிகிறது என்பதைப் பார்த்துச் சாய்வு சரியா என்று கண்டுகொள்ளலாம்: விளிம்பில் மை மிஞ்சினால் கத்தி மிகவும் படுத்திருக்கிறது, மேலே மிஞ்சினால் மிகவும் நிமிர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் விரல் நுனிக்கு மட்டுமே தெரியும் பிசிறு எழும். விளிம்பு முழுவதும் பிசிறு எழும்வரை பக்கத்தை மாற்றக் கூடாது. எழுந்த பிறகு கையைத் தளர்த்தி, மாற்றி மாற்றி மெல்ல இழுத்து அதை உதிர்க்க வேண்டும். நான் முதலில் செய்த தவறு பிசிறையே கூர் என்று நம்பியது. தாளை அழகாக அறுக்கும், பத்து நிமிடம் தோலில் ஓடியதும் மடங்கிவிடும்.

இதோடு சேர்ந்தே அறுக்கும் முறையும் மாறியது. தோலில் சிறு துளையிட்டு, கத்தியின் கூர் வானத்தைப் பார்க்கும்படி உள்ளே நுழைத்து, உள்ளிருந்து வெளியே அறுத்தால் அலகு மயிரை அறுப்பதில்லை, மயிர்களுக்கு நடுவே பிரித்துக்கொண்டு போகிறது. கூர் இரு மடங்கு நேரம் நிற்பதுபோல் உணர்கிறேன், இறைச்சியிலும் மயிர் ஒட்டுவதில்லை. பிளேடு கத்திக்கும் இது பொருந்தும்தான். ஆனால் அடுத்த பிளேடு பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் நான்கு ஆண்டுகளும் நான் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. பயிற்சிக்கு மலை வேண்டாம்: பண்ணையில் முழு ஆட்டுத்தொடை வாங்கி, கொத்தாமல், கத்தி முனையாலேயே எலும்பிலிருந்து பிரித்துப் பாருங்கள். ஐந்தாறு தொடைகளுக்குப் பிறகு மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்பது கைக்கே தெரிந்துவிடும்.

சுத்தம் செய்வதில் போட்டியே இல்லை. பிளேடு கத்தியின் காடியிலும் மடக்கிலும் உறையும் கொழுப்பை வெந்நீரும் பல்துலக்கியும் வைத்துத் தோண்ட வேண்டும். மற்றதைக் கழுவித் துடைத்தால் முடிந்தது. உறைக்குள் தேங்கும் ஈரத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது.

என் அனுபவம் மெலிதாக இருக்கும் இடங்களும் உண்டு. சுவரில் மாட்டுவதற்காக மானின் தலையை முகத்தோலோடு உரித்தெடுக்கும் வேலையை நான் செய்ததில்லை. கண்ணையும் உதட்டையும் சுற்றிய அந்த நுண்வேலைக்குப் பிளேடு கத்திக்கு இணை இல்லை என்று அதைச் செய்பவர்கள் சொல்வதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. தென்தீவில் 1904இல் மவுண்ட் குக் பக்கம் விடப்பட்ட இமயமலை வரையாட்டை, நீலகிரி வரையாட்டின் தூரத்து உறவை, நான் இன்னும் வேட்டையாடியதில்லை. அதன் அடர்ந்த பிடரி மயிரில் என் கத்தி என்ன பாடுபடும் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மெல்லிய பிளேடுக்கு இரு பக்கமும் உலோகத் தாங்கல் வைத்து வரும் நடுவகைக் கத்தியை ஒரே ஒரு முறை இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். மூட்டில் அது அசையவில்லை. ஒரு முறையை வைத்து அதற்குமேல் சொல்வது நியாயமாகாது.

வரும் ஏப்ரலில் முதன்முறையாக என்னோடு மலைக்கு வரவிருக்கும் மைத்துனர், இவ்வளவையும் கேட்ட பிறகும் பிளேடு கத்தியைத்தான் வாங்கியிருக்கிறார். தீட்டிப் பழக நேரமில்லை என்கிறார், ஆண்டுக்கு ஒரு முறை வரும் எண்ணமுள்ளவருக்கு அது சரியான காரணமே. குறடும் மூடி போட்ட டப்பாவும் இல்லாமல் பையைக் கட்டக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இடுப்பு மூட்டை நான் பிரித்துக்கொள்கிறேன்.